அறுநூற்றுப் பதினெட்டுக்கு அடுத்தது

என் தங்கை தர்ஸா ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வயதில் வந்த செங்காய்ச்சலை ஜெயித்தாள். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் சந்தில் அதே காய்ச்சலில் படுத்த மற்றக் குழந்தைகளில் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. பதினான்கு வயதில் தனக்கென்று ஓர் உலை வாங்கினாள். ஆண்கள் அடிக்கிற கனத்த கம்பி பெண்பிள்ளைக்கு வளையாது என்று சொன்ன தரகரின் கண்ணெதிரிலேயே வளைத்து, வளையமாக்கி, அதை அவர் காலடியில் போட்டாள். இங்கிலாந்தில் எங்கள் ஊரான கிராட்லி ஹீத்தின் சங்கிலி அடிக்கிற பெண்கள் 1910இல் வேலைநிறுத்தம் செய்தபோது கழுத்தில் சங்கிலியை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் நடந்தாள். கூலி உயர்ந்த பிறகுதான் உலையை மூட்டினாள். தேவாலயச் சபை விருந்தில் பன்றியின் எடையைச் சரியாகச் சொல்லிப் பன்றியையே வென்று வந்தாள். சபைப்பக்கமே தலைகாட்டாத, புறா வளர்க்கிற சைலஸ் ஹேக்கட்டை, அம்மா வேண்டவே வேண்டாம் என்று சொல்லியும், கட்டிக்கொண்டாள்.

இதில் எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. எடை போட்டுச் சொல்வது என் பிழைப்பு. சங்கிலிக் கிடங்கில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவன் நான். சிறு வயதில் என் இடது பாதம் வண்டிச் சக்கரத்தில் நசுங்கியது. அதனால் பட்டாளம் என்னை எடுத்துக்கொள்ளவில்லை.

தர்ஸாவின் வெற்றிகள் அவளுடைய இருபத்தேழாம் வயதோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகும் அவள் உலை மூட்டினாள், சங்கிலி அடித்தாள், அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். ஆனால் எதற்கும் போட்டி போடவில்லை. இன்னொரு சபை விருந்தில், “பன்னி எவ்வளவு இருக்கும், நீ சொல்லேன்” என்று கேட்டவர்களிடம், “எவ்வளவோ இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

அவளுக்கு எழுத்து வராது. நான்காம் வகுப்புவரை என்னைப் படிக்க வைத்த அம்மா, அவளைத் துருத்தி ஊத நிறுத்திவிட்டாள். எண்கள் மட்டும் தானாக வந்தன. கம்பியின் கனம், வளையத்தின் கணக்கு எல்லாமே எண்கள்தானே. கட்டி முடித்த சங்கிலிகளில் தொங்கும் மரத்துண்டில் தாரும் தூரிகையுமாக அவள் எண் போட்டால் அச்சடித்த மாதிரி இருக்கும். கிடங்கில் மற்றவர்களுடைய ஏழையும் ஒன்றையும் பிரித்துப் பார்ப்பதற்கு நான் கண்ணைச் சுருக்க வேண்டும். தர்ஸாவின் எண்ணை அந்தக் கோடியிலிருந்தே படிக்கலாம்.

கல்யாணத்தன்று பதிவுப் புத்தகத்தில் சைலஸ் தன் பெயரைச் சாய்த்து, வாலெல்லாம் இழுத்து எழுதினான். தர்ஸா ஒரு பெருக்கல் குறி போட்டாள். போதகர் அதன் பக்கத்தில், இது தர்ஸாவின் குறி என்று எழுதி அவள் பெயரையும் அவரே எழுதினார். வெளியே வந்ததும் சைலஸ் ஆரம்பித்தான்.

“என்னடி, எம் பேருக்குப் பக்கத்துல வாத்தியார் மாதிரி தப்புப் போட்டுட்டு வந்திருக்கே?”

“தப்பைத்தான்யா கட்டிக்கிட்டு வந்திருக்கேன். எங்கம்மாவக் கேளு.”

“கேட்டியா மச்சான், உன் தங்கச்சி பேச்சை!” என்று என் முதுகில் தட்டினான். “வா தர்ஸா, உன் பேரை எழுதக் கத்துத் தரேன்.”

“எதுக்கு? எழுத்து உன் பாடு, எண்ணு என் பாடு. என் பேரை எழுத நீ இருக்கேல்ல?”

“நான் இல்லாதப்போ?”

“நீ எங்க போவே? புறாவைத் தேடிக்கிட்டு அடுத்த தெரு வரைக்கும்.”

இந்தப் பேச்சை அவர்கள் இருவரும் அதன்பிறகு பல தடவை பேசிச் சிரித்திருக்கிறார்கள். கடைக்காரருக்குச் சீட்டு எழுத வேண்டுமானால் அவள் சொல்வாள், அவன் எழுதுவான். கடைசியில் அவள் பெயரையும் போடுவான்.

1914 செப்டம்பரில் எங்கள் சந்திலிருந்து மூன்று பேர் ஒன்றாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அடுத்த வீட்டு ஹோரஸ் ட்ரோமன்ஸ், சைலஸ், மூன்று வீடு தள்ளியிருந்த ஐசாயா பிளூமர். வழியனுப்ப நானும் போயிருந்தேன்.

அப்போது பட்டாளம் முழுவதற்கும் ஒரே எண் வரிசை கிடையாது. எங்கள் ஊர்ப் பட்டாலியன் தன் ஆட்களைத் தானே ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போகும். நேற்றுச் சேர்ந்த கடைசி ஆளுக்கு என்ன எண்ணோ, இன்று மேசை முன்னால் முதலில் வந்து நிற்பவனுக்கு அதற்கடுத்தது. பக்கத்து ஊர்ப் பட்டாலியனிலும் அதே எண்ணில் ஒருவன் இருப்பான். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. எண்கள் அடுத்தடுத்து இருந்தால் கூடாரத்திலும் பதுங்குகுழியிலும் அடுத்தடுத்தே போடுவார்கள், பிரிக்க மாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சங்கிலி அடிக்கிற ஊரில் அந்தப் பேச்சு நன்றாகப் பற்றிக்கொண்டது. கூட்டாளிகள் ஒருவன் கோட்டை இன்னொருவன் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

எங்கள் சந்துக்காரர்கள் மூவருக்கும் நடுவில் வேற்றூர்க்காரன் ஒருவன் நுழையப் பார்த்தான். சைலஸ் அவன் தோளைத் தொட்டான்.

“அண்ணே, இது சங்கிலி. நடுவுல புது வளையம் போடணும்னா உலையில வெச்சுப் பழுக்கக் காய்ச்சி அடிக்கணும். சொல்லு, படுக்கிறியா?”

வரிசையே சிரித்தது. அந்த மனிதனும் சிரித்துக்கொண்டே பின்னால் போய்விட்டான். ஹோரஸுக்கு 2861. சைலஸுக்கு 2862. ஐசாயாவுக்கு 2863. நாங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதும் தர்ஸா தார்ச்சட்டியை எடுத்துப் பட்டறைக் கதவில் 2862 என்று எழுதினாள்.

1916 ஜூலை முதல் தேதி பிரான்சில் பெரிய தாக்குதல் நடந்தது. அதற்குப் பின் எங்கள் சந்துக்கு மூன்று செய்திகள் வந்தன. ஹோரஸுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஐசாயாவுக்குச் சிறு காயம், ஆறிவிட்டது. சைலஸைக் காணவில்லை.

“காணலைன்னுதானே சொல்றாங்க?” என்றாள் தர்ஸா. “காணாமப் போன புறா எத்தனை இந்தக் கூரைக்குத் திரும்பி வந்திருக்கு? நீயே பாத்திருக்கேல்ல?”

பார்த்திருக்கிறேன். திரும்பி வராதவற்றையும் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டு போயிருப்பான், கைதிமுகாமில் இருப்பான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள். முகாம்களுக்கும் பட்டாள அலுவலகத்துக்கும் நான்தான் அவளுக்காக எழுதிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கீழே அவள் பெருக்கல் குறி போட்டாள். ஒருநாள், “நானே உனக்கு எழுதக் கத்துத் தரட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்ணே. எழுதுற ஆளு வரட்டும்.”

பிறகு நான் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் எழுதக் கற்றுக்கொள்ளாமல் இருக்கும்வரை சைலஸுக்கு வீட்டில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அது எனக்குப் புரிந்தது.

பட்டாளத்துக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் சாமான்களைத் துணியில் வைத்துத் தைத்து, துணிமேல் எண்ணையும் பெயரையும் எழுத வேண்டும். மழையில் மை கரைந்துவிடும். தார் கரையாது. அதனால் சந்துப் பெண்கள் எல்லோரும் தர்ஸாவின் பட்டறைக்கு வருவார்கள். எண்ணை அவள் போடுவாள். பெயரை நான் இருந்தால் நான் எழுதுவேன்.

1917 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம். நான் கரிப்பெட்டிமேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தேன். ஹோரஸின் மனைவி ஃபீபி பார்சலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“தர்ஸா, சட்டியை எடு. இந்த நாசமாப் போறவனுங்க எம் புருஷன் நம்பரை மாத்திட்டானுங்க.”

“என்னக்கா, எதுக்கு மாத்துறாங்க?”

“நாலு எண்ணு பத்தலையாம். ஒரே நம்பரை எத்தனையோ பேர் வெச்சிருக்கானாம், யாருக்கு என்ன ஆச்சுன்னு குழம்புதாம். அதனால பட்டாலியன்ல எல்லாருக்கும் இப்ப ஆறு எண்ணு. இந்த மனுஷனுக்குக் கல்யாண நாளே ஞாபகம் இருக்காது. ஆறு எண்ணை எங்க போய் வெச்சுக்குவாரு?”

“சரி, சொல்லு.”

“ரெண்டு, நாலு, சைபர், ஆறு, ஒண்ணு, எட்டு.”

தர்ஸா குனிந்து எழுதினாள். 240618. எழுதிக்கொண்டே கேட்டாள்.

“எப்படிக் குடுக்கிறாங்களாம்? சீட்டுக் குலுக்கிப் போட்டா?”

“இல்லடி. பழைய வரிசைப்படிதானாம். பழசுல முன்னால நின்னவன் புதுசுலயும் முன்னால. செத்தவனுக்கு எதுக்கு நம்பரு, இருக்கிறவனை மட்டும் வரிசையா எண்ணிக்கிட்டு…”

ஃபீபி நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

தர்ஸா நிமிர்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே 2862 தார் மங்காமல் இருந்தது.

“அப்போ இவருக்கு அறுநூத்திப் பத்தொன்பது,” என்றாள்.

அன்று மாலைக்குள் அவள் ஒரு பார்சல் தைத்துவிட்டாள். கொழுப்பும் உலர்திராட்சையும் போட்ட கேக், இரண்டு ஜோடி காலுறை, புகையிலை. சர்க்கரை எங்கிருந்து சேர்த்தாள் என்று எனக்குத் தெரியாது. துணியின்மேல் 240619 என்று எழுதி, துருத்திக்கு மேலிருந்த பலகையில் வைத்தாள்.

“பேரை இப்ப எழுதாதேண்ணே. எந்த முகாம்னு தெரியட்டும், ரெண்டையும் சேத்து எழுதிக்கலாம். நம்பரு வந்துட்டதுனா முகாமும் வந்துரும்.”

“தர்ஸா, அந்த நம்பரை அவங்க இன்னும் நமக்குச் சொல்லலையே.”

“சொல்லுவாங்க. எண்ணிப் பாக்கத் தெரிஞ்சவளுக்குச் சொல்லித்தான் ஆகணுமா?”

அந்த நாட்களில் நான் கிடங்கிலிருந்து திரும்பும்போது சந்து முனையிலேயே அவள் சுத்தியல் சத்தம் கேட்கும். முந்தின எட்டு மாதமும் அது யாரையோ அடிப்பது மாதிரி இருந்தது. இப்போது பழையபடி இரண்டு தட்டு, ஒரு துள்ளல், இரண்டு தட்டு என்று கேட்டது. அதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஐசாயா அந்தக் குளிர்காலத்தில் மறுபடியும் காலில் அடிபட்டு, லிவர்பூல் ஆஸ்பத்திரியில் இருந்தான். அதனால் அவனுடைய புது எண் வீட்டுக்கு வர நாளானது. அடுத்த சனிக்கிழமையும் கழிந்து, நான் கரிப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த ஒரு மதியம், அவன் அம்மா ஜெமைமா மூச்சு வாங்க வந்தாள். பெரிய சரீரம். பட்டறைக்குள் வந்தால் இன்னொருவர் நிற்க இடமிருக்காது.

“ஏ தர்ஸா, இவன் கூத்தைக் கேட்டியா? படுக்கையில கெடந்துக்கிட்டு ஊறுகா வெங்காயம் கேக்குறான். நர்ஸம்மா தர மாட்டேங்குறாளாம். குண்டு கால்லதான் பட்டுச்சு, வாய்க்கு ஒண்ணும் ஆகலை.”

தர்ஸா சிரித்தாள். கம்பியை உலையில் சொருகிவிட்டுத் தூரிகையை எடுத்தாள். “ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அத்தை நம்பரு?”

“அங்க ரெண்டு பிளூமர் இருக்கானாம். போன தடவ என் கேக்கை அவன் தின்னுட்டான். எழுது. ரெண்டு, நாலு, சைபர்.”

“ம்.”

“ஆறு, ஒண்ணு.”

ஆறுக்கு அடுத்தது ரெண்டு வந்திருக்க வேண்டும். ரெண்டு, சைபர். அறுநூற்றுப் பத்தொன்பதை நடுவில் விட்டுவிட்டு ஐசாயாவுக்கு அறுநூற்று இருபது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். தர்ஸாவின் தூரிகை துணிக்கு மேலே நின்றது.

“ஒன்பது,” என்றாள் ஜெமைமா.

“இன்னொரு தடவ சொல்லுங்க அத்தை.”

“ரெண்டு, நாலு, சைபர், ஆறு, ஒண்ணு, ஒன்பது. இந்தா, அவனே பெரிசாப் போட்டிருக்கான் பாரு.”

கடிதத்தை நீட்டினாள். எழுத்து தெரியாதவள் எண்ணைப் பார்த்தாள். உலையில் சொருகியிருந்த கம்பி வெள்ளையாகிப் பொறி கக்க ஆரம்பித்தது. எரிந்த இரும்பு எதற்கும் ஆகாது. உலை வைத்த நாளிலிருந்து தர்ஸா ஒரு கம்பியைக்கூட எரியவிட்டதில்லை. நான் எழுந்து போய் அதை இழுத்து வெளியே போட்டேன்.

தர்ஸா பலகையிலிருந்து பார்சலை எடுத்தாள்.

“இதைக் கொண்டு போங்க அத்தை. நம்பரு எழுதியே இருக்கு.”

“இது சைலஸுக்கு வெச்சதாச்சேடி.”

“நம்பரு ஐசாயாவோடது. கேக்கு இருக்கு, காலுறை இருக்கு. ஊறுகா வெங்காயம் நான் வெக்கலை. ஓரத்தைப் பிரிச்சு நீங்க வெச்சுத் தெச்சுக்கோங்க.”

ஜெமைமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கரிப்பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். “ஐயோ, நான் ஏன்டி இங்க வந்தேன்,” என்றாள். “வேற எங்கயாச்சும் போய் எழுதியிருப்பேனே.”

“எங்க எழுதினாலும் இதேதான் அத்தை. பேரை எங்க அண்ணன் எழுதுவார்.”

நான் எழுதினேன். ஐசாயா பிளூமர். இதுவரை எத்தனையோ துணிகளில் பெயர் எழுதியிருக்கிறேன். அந்தத் துணியில்தான் என் எழுத்துக் கோணியது.

ஏப்ரலில் ஹோரஸ் விடுப்பில் வந்தான். தர்ஸா அவன் வீட்டுக்குப் போகவில்லை. ஃபீபியின் சந்தோஷத்தில் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்தாள். அவனே கால்வாய்ப் பாலத்தருகில் எங்களைக் கண்டு நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

“ஹோரஸ்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கைதியாப் பிடிபட்டவங்களுக்கும் புது நம்பரு உண்டா?”

அவன் தொப்பியைக் கழற்றினான். “உண்டும்மா. எங்க கம்பெனியில ரெண்டு பேரு அங்க இருக்கானுங்க. அவங்களுக்கும் போட்டாங்க.”

“அவரு விழுந்ததை நீ பாத்தியா?”

“புகைம்மா. என் கையே எனக்குத் தெரியலை. எனக்கு இடது பக்கம்தான் இருந்தான். திரும்பிப் பாத்தேன், இல்லை.”

அவனால் பேச்சை நிறுத்த முடியவில்லை.

“நம்பரு குடுத்த அன்னைக்கு வரிசையாக் கூப்பிட்டான் அந்த கிளர்க்கு. எம் பேரு, அடுத்து ஐசாயா பேரு. ‘சார், எங்களுக்கு நடுவுல ஒருத்தன் இருக்கான்’னு சொன்னேன். அவன் நிமிந்தே பாக்கலை. ‘வரிசை சரியாத்தான் இருக்கு, நகரு’ன்னான். நகந்துட்டேன் தர்ஸா. என்ன பண்றது?”

“நீ என்னண்ணே பண்ணுவே,” என்றாள். “ஃபீபி அக்கா காத்திருக்கும். போ.”

வீடுவரை அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். செங்காய்ச்சலிலிருந்து எழுந்து நடை பழகியபோது அப்படிப் பிடித்தது. அதற்குப் பிறகு அன்றுதான்.

மாதக் கடைசியில் அதிகாரபூர்வமான தாள் வந்தது. காணாமல் போனவரைப் பற்றி இதுவரை தகவல் இல்லாததால் அவர் இறந்ததாகக் கொள்ளப்படுகிறது. மேலே எண் போட்டிருந்தார்கள். 2862. பழைய எண். அதை அவள் விரலால் தொட்டாள். பிறகு மடித்துப் பலகைமேல், பார்சல் இருந்த இடத்தில் வைத்தாள்.

விதவை உதவித்தொகைக்கான தாளைச் சபைப் போதகர் எடுத்து வந்தார். நல்ல மனிதர். பென்சிலால் ஓர் இடத்தைக் காட்டினார்.

“இங்க உன் குறியைப் போட்டாப் போதும்மா. பக்கத்துல பேரை நான் எழுதிக்கிறேன்.”

“வேண்டாங்க ஐயா.”

“இது உனக்குச் சேர வேண்டியதும்மா.”

“அதுக்கில்லை. என் பேரை எழுத ஒருத்தர் இருந்தார். அவர் இல்லைன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்க. சரி, குடுக்கிறேன். அதுல என் பேரை இன்னொருத்தர் எழுத வேண்டாம். கொஞ்ச நாள் கழிச்சு வாங்க.”

அவர் போனபிறகு என் பக்கம் திரும்பினாள். “இப்ப சொல்லிக் குடுண்ணே.”

பென்சில் அவள் கையில் நிற்கவில்லை. சுத்தியல் பிடித்த கை. அழுத்தினால் முனை ஒடிந்தது, அழுத்தாவிட்டால் எழுத்து விழவில்லை. அதனால் உலைச் சாம்பலைத் தரையில் பரப்பி, மெல்லிய கம்பியால் எழுதவிட்டேன். தன் பெயரை விட ஹேக்கட் என்பதைத்தான் அதிகம் எழுதிப் பார்த்தாள். அதன் முதல் எழுத்தான H ஒரே ஒரு படி உள்ள ஏணி மாதிரி இருக்கிறது என்றாள். சைலஸின் கடைசிக் கடிதத்தைக் கொண்டு வந்து, அவன் தன் பெயரை எழுதியிருந்த இடத்தைக் காட்டி, “இவ்வளவு சாய்வு வருதா எனக்கு?” என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் என்றேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். அழுகை வந்தால் புறங்கையால் துடைப்பாள். முகமெல்லாம் சாம்பல்.

போதகர் மறுபடி வந்தபோது தாளை முழங்காலில் வைக்காமல் பட்டறைக்கல்லின்மேல் வைத்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தர்ஸா ஹேக்கட். சாய்வு சரியாக இருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழைகூட ஏறவில்லை.

“அழகா எழுதியிருக்கேம்மா,” என்றார் போதகர்.

“இந்த எழுத்து எனக்கு வந்தே இருக்கக் கூடாதுங்க ஐயா,” என்றாள்.

கீழே தேதிக்கு ஓர் இடம் விட்டிருந்தார்கள். நான் சொல்லித் தருவதற்காகக் குனிந்தேன். அவள் என் கையை மெல்ல விலக்கினாள். எண்கள் அவளுக்கு எப்போதும் தெரியும். மெதுவாக, கிடங்கின் அந்தக் கோடியிலிருந்தே படிக்கிற மாதிரி எழுதினாள்: 9.5.1917.